இருபது ரவைகளும் ஒரு கணக்கேடும்

1989ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு சனிக்கிழமை காலை. சுவிஸ் நாட்டின் பேர்ண் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், தஞ்சம் கோரியோருக்கென ஒதுக்கப்பட்டிருந்த பழைய வீட்டில் நாம் எட்டுப் பேர் உறங்கிக்கொண்டிருந்தோம். ஊர் எல்லையிலிருந்து வெடிச்சத்தம் எழுந்தது. ஒன்று, இரண்டு, பின்னர் எண்ணவியலாத தொடர். கண் விழித்தபோது எட்டுப் பேரும் தரையிற் கிடந்தோம். எவரும் எவரையும் எழுப்பவில்லை; உடல் தானாகவே தரையைத் தேடிக்கொண்டது. சற்றுப் பொறுத்துச் சாளரத்தால் எட்டிப் பார்த்தோம். தெருவில் ஒரு மூதாட்டி பாண் பையுடன் ஆறுதலாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அது ஊர்ச் சூட்டுச் சங்கத்தாரின் பயிற்சி என்பதைப் பின்னரே அறிந்தோம். 300 மீற்றர் தொலைவிலுள்ள இலக்கைக் குறிபார்த்துச் சுடுவது இந்நாட்டு மக்களின் பழைய விளையாட்டு. இராணுவத்திற் பணியாற்றுவோர் தமது துவக்கை வீட்டிலேயே வைத்திருப்பர். ஆண்டுக்கொரு முறை ஊர்ச் சூட்டுத்திடலுக்குச் சென்று 20 ரவைகள் சுட்டுத் தமது திறமையைக் காட்டல் வேண்டும். இவை யாவும் எமது அறிவுக்கு விளங்கின. உடலுக்கு விளங்குவதற்குப் பல்லாண்டுகள் பிடித்தன.

1991இல் எமது துணைவியார் வந்து சேர்ந்தார். அவருடைய முதற் சனிக்கிழமையன்று வேலை முடிந்து வந்தபோது அவரைச் சமையலறை மேசையின் கீழே கண்டோம். அவருக்குக் காரணம் இருந்தது. 1987 ஒக்ரோபரில், யாழ்ப்பாணத்தில், அவரது தமையனார் வீட்டு வாசலிலேயே சன்னம் பட்டு இறந்தார். அது யாருடைய துவக்கிலிருந்து வந்தது, எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது, எதனைக் குறிவைத்தது என்பன இன்றுவரை எவருக்கும் தெரியா.

பின்னாளில் நாம் குடியேறிய அடுக்குமாடி வீட்டின் மேற்றளத்தில் ஒரு முதியவர் வசித்தார். கடைசற் பட்டறையில் நாற்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அரச அலுவலகங்களிலிருந்து எமக்கு வரும் கடிதங்களைப் படித்து விளக்குவதில் அவர் ஒருபோதும் சலித்துக்கொண்டதில்லை. ஒருநாள் மாலை, தமது வேலையைக் காட்டுவதாகக் கூறி எம்மை நிலவறைக்கு அழைத்துச் சென்றார். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இந்நாட்டில் எழுந்த வீடுகளின் கீழே கொங்கிறீற்றினாலான பாதுகாப்பு அறைகள் உண்டு. பனங்குற்றிகளையும் மண்மூடைகளையும் அடுக்கிப் பதுங்குகுழி வெட்டியவர்கள் நாம். அந்தத் தடித்த இரும்புக் கதவைக் கண்டபோது நெஞ்சில் ஏதோ செய்தது. உள்ளே மேசை, விளக்கு, ஒரு சிறிய அழுத்துபொறி, தராசு. முதியவர் தமது துவக்குக்கான ரவைகளைத் தாமே செய்துகொண்டிருந்தார்.

அத்தொழில் எமக்கு முற்றிலும் புதிதன்று. வன்னியில் எமது தந்தையார் பயிரைப் பன்றியிடமிருந்து காப்பதற்கென அனுமதிப்பத்திரத்துடன் ஒரு வேட்டைத்துவக்கு வைத்திருந்தார். சுட்டு முடிந்த தோட்டாக் கோதுக்குள் மருந்தையும் ஈயக் குண்டுகளையும் மீண்டும் நிரப்பி, மட்டை அட்டையால் மூடி, மெழுகுதிரி உருக்கி ஒட்டுவார். அளவெல்லாம் கண்ணளவுதான். பின்னர் நாட்டு நிலைமை மாறியபோது அத்துவக்கு வீட்டை விட்டுப் போயிற்று. அதனை யார் கொண்டுபோனார் என்பதை இங்கு எழுதுவதால் பயனில்லை. இதனை முதியவரிடம் கூறினோம். அவர் சிரித்தார். “உங்கள் தந்தையாரின் கண்ணளவு பன்றிக்குப் போதும். முந்நூறு மீற்றருக்குப் போதாது” என்றார்.

அன்று தொடங்கிப் பல மாரிகாலங்கள் அந்த மேசையருகே அமர்ந்திருந்தோம். எனினும் எதனையும் கையாற் தொடவில்லை. 1999இல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத்தின் விதிகளில், துவக்கோ ரவையோ வாங்கவும் வைத்திருக்கவும் சுடவும் தடை செய்யப்பட்ட அந்நிய நாட்டவரின் பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் இலங்கையின் பெயரும் இருந்தது. துவக்குக்கு அஞ்சி ஓடிவந்தவரையும் அதே பட்டியலில் எழுதிவிட்டனரே என்று முதலில் மனம் கசந்தது. ஆயினும் விருந்தாளிக்கு வீட்டுக்காரரின் விதியே விதி. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாற் கற்றோம். கற்றவற்றை, இத்துறையில் நாட்டங் கொள்ளும் இளையோருக்குப் பயன்படுமென்று கருதிச் சுருக்கமாகத் தருகின்றோம்.

ஒரு ரவை நான்கு பொருட்களால் ஆனது: பித்தளைக் கோது, அதன் அடியிற் பதிக்கும் சிறு எரிமூட்டி, வெடிமருந்து, முனையிலுள்ள சன்னம். சுட்டபின் எஞ்சுவது கோது மட்டுமே. அதனைப் பழைய அளவுக்குக் கொணர்ந்து மற்ற மூன்றையும் புதிதாக இடுவதே இத்தொழில். ஆனால் எல்லாக் கோதும் இதற்கு உதவா. இந்நாட்டு இராணுவத்தின் பழைய 7.5 மில்லிமீற்றர் ரவையின் கோதிலே எரிமூட்டிக்கு மேலே நடுத்துளை இல்லை. இரு சிறு துளைகளே பக்கத்தில் உள்ளன. பழைய எரிமூட்டியை ஊசியால் தட்டி வெளியேற்ற வழியில்லை. ஆகவே நடுத்துளையுள்ள கோதுகளை முதியவர் விலைக்கு வாங்கிவைத்திருந்தார்.

முதல் வேலை பார்வையிடல். கழுவித் துடைத்த ஒவ்வொரு கோதையும் விளக்கின் கீழே உருட்டிப் பார்ப்பார். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம் தென்பட்டால், நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவுவார். கம்பி ஒரு பள்ளத்திற் தடக்கினால் அக்கோது அடுத்த சூட்டில் இரண்டாகப் பிரியக்கூடும், அது குப்பைக்கே. அடுத்து, எண்ணெய்ப்பசை தடவி உருக்கச்சுக்குள் அழுத்துவார். பசை குறைந்தால் கோது அச்சுக்குள் இறுகிவிடும். கூடினால் தோளில் நெளிவு விழும். அவருடைய 1931ஆம் ஆண்டு மாதிரித் துவக்கின் பூட்டுப்பொறி நேராக இழுத்துத் தள்ளும் வகையினது. அதற்கு நெம்புவலு குறைவு. அளவுக்குச் சரியாக ஒடுங்காத கோது அறைக்குள் நுழைய மறுக்கும். ஒவ்வொரு சூட்டிலும் பித்தளை சற்று நீளும். வேணியர் இடுக்கியால் அளந்து, கூடியதைச் சீவி, வாயை மழுக்குவார். பின் எரிமூட்டியைப் பதித்து, அது அடித்தளத்துக்குச் சற்று உள்ளே அமர்ந்துள்ளதா என்று பெருவிரலாற் தடவிப் பார்ப்பார்.

மருந்து நிறுக்கும் வேளையில் அறையில் பேச்சு இராது. கதவு மூடப்படும். மேசையில் ஒரேயொரு மருந்துப் புட்டி மாத்திரமே நிற்கும்; இரண்டு புட்டிகள் நின்றால் என்றோ ஒருநாள் கை தவறும் என்பார். புகைத்தல் அறவே கூடாது. தராசில் ஒரு கிறெயினின் பத்திலொரு பங்கு வரை பார்ப்பார். ஒரு கிறெயின் என்பது 0.065 கிராம், பெயரே தானியமணி எடையிலிருந்து வந்தது. 4 நெல்லெடை 1 குன்றிமணி என்று எமது பத்தர்கள் பொன் நிறுத்த கணக்கு அப்போது நினைவுக்கு வரும். நிரப்பிய கோதுகளை மரக்கட்டையின் குழிகளில் நிறுத்தி, சிறு மின்சூளால் ஒவ்வொன்றினுள்ளும் பார்ப்பார். மட்டம் ஒன்றில் வேறுபட்டாலும் அனைத்தையும் கொட்டி மீண்டும் தொடங்குவார். அதன்பின்னரே சன்னங்கள் ஒரே ஆழத்துக்கு அமர்த்தப்படும்.

ஏன் இத்தனை பாடு? சன்னத்தின் வேகம் வினாடிக்கு 780 மீற்றர் எனக் கொள்வோம். அது ஒரு ரவையில் 10 மீற்றர் குறைந்தால், 300 மீற்றர் தொலைவில் சுமார் 2 சென்ரிமீற்றர் தாழ விழும். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10 சென்ரிமீற்றர். ஆதலால் அது பெரிதன்று. அதே வேறுபாடு 1000 மீற்றரில் ஒரு சாணுக்கும் மேலாகிவிடும். தொலைவு கூடக்கூடச் சிறு பிழைகளும் பெரிதாகும். “வலிய ரவை வேண்டாம், ஒத்த ரவை வேண்டும்” என்பது முதியவரின் வேதம். ஆகவே மருந்தின் அளவை எவரிடமும் கேட்டறியலாகாது. மருந்து செய்வோரும் சன்னம் செய்வோரும் வெளியிடும் கைந்நூல்களைப் பார்த்து, அவற்றின் தொடக்க அளவிலிருந்தே சிறிது சிறிதாக ஏற வேண்டும். எரிமூட்டி தட்டையானாலோ பூட்டுப்பொறி இறுகினாலோ அவ்விடத்திலேயே நிறுத்திப் பின்வாங்க வேண்டும். தொடங்குவோர் பொறிகளை வாங்குமுன், நூலை இருமுறை படித்து, அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் ஒரு மாரியாவது அமர்ந்திருப்பது நன்று.

மேசையின் ஓரத்தில் ஒரு கணக்கேடு இருந்தது. எந்தக் கோது எத்தனையாவது முறை நிரப்பப்பட்டது, என்ன மருந்து, எவ்வளவு, என்று சுட்டது, காற்று எப்படி, எங்கே பட்டது என ஒவ்வொரு ரவைக்கும் வரவும் செலவும் எழுதப்பட்டிருந்தன. அந்த ஏட்டைப் புரட்டிய நாளன்று நாம் இரவு முழுவதும் உறங்கவில்லை.

2006இல் எமக்குக் குடியுரிமை கிடைத்தது. 1993இல் இங்கேயே பிறந்த மகன் தனது இருபதாவது வயதில் இராணுவப் பயிற்சிக்குச் சென்று துவக்குடன் வீடு திரும்பினான். சட்டப்படி அதனையும் அதன் பூட்டுப்பொறியையும் வெவ்வேறாகப் பூட்டிவைத்தோம். துணைவியார் ஒன்றும் கூறவில்லை. அந்த அறையைக் கூட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். பணிக்காலம் முடிந்து அத்துவக்கு திரும்பிச் சென்ற நாளில் வீட்டில் பாயசம் காய்ச்சினார்.

சென்ற மாரியில் முதியவரின் கைகள் நடுங்கத் தொடங்கின. தராசுத் தட்டில் மருந்தைச் சொரிய இயலவில்லை. தமது தொழிலைப் பயில விருப்பமா என்று எமது மகனைக் கேட்டார். தமது தேவைக்கென மட்டும் ரவை நிரப்புவதை இந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கின்றது. மகன் உடனே இசைந்தான். செய்தி சமையலறையை எட்டியபோது, அன்றுவரை அடங்கியிருந்தவை யாவும் வெளிவந்தன.

“துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப என்ர பிள்ளை நிலத்துக்குக் கீழை இருந்து ரவை செய்யிறானோ? நீங்களும் பாத்துக்கொண்டு இருக்கிறியளோ?”

எம்மிடம் மறுமொழி இல்லை. அவர் கேட்டது நியாயமே. மகன்தான் மெல்லச் சொன்னான்: “அம்மா, ஒருக்கா வந்து பாருங்கோ. பிடிக்காட்டி விட்டிடுறன்.” இரண்டு கிழமைகளின் பின், ஒருநாள் மாலை, அவர் முதன்முறையாக அப்படிகளில் இறங்கினார். முதியவர் எழுந்து நின்று தமது கதிரையைக் கொடுத்தார். துணைவியார் பொறியைப் பார்க்கவில்லை, தராசைப் பார்க்கவில்லை. கணக்கேட்டைக் கையிலெடுத்து நெடுநேரம் புரட்டினார். ஜேர்மன் மொழி அவருக்கு ஓரளவே வாசிக்க வரும். ஆயினும் எண்களுக்கு மொழி வேண்டியதில்லை. மேலே வந்தபின் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: துவக்கும் மருந்தும் எமது வீட்டு வாசலைத் தாண்டலாகாது.

இளவேனிலில் மகன் தான் நிரப்பிய முதல் இருபது ரவைகளுடன் முதியவரோடு சூட்டுத்திடலுக்குச் சென்றான். நான்கு வகை, வகைக்கு ஐந்து, ஒவ்வொரு வகைக்குமிடையே 0.3 கிறெயின் வேறுபாடு. முதல் வகை இலக்கெங்கும் சிதறிற்று. மூன்றாவது வகையின் ஐந்து சன்னங்களும் ஓர் உள்ளங்கை அகலத்தினுள் அடங்கின. கூடிய மருந்திட்ட நான்காவது வகை மீண்டும் பரந்தது. மகன் துள்ளினான். முதியவர் தலையசைத்து, ஐந்து சூடு ஒரு செய்தி மட்டுமே, சான்றாகாது. அதே அளவை இன்னும் மூன்று நாட்கள் செய்து காட்டு என்றாராம்.

மாலையில் மகன் வெற்றுக் கோதுகள் அடங்கிய பெட்டியைச் சமையலறை மேசைமீது வைத்தான். கழுவுவதற்காகக் கொண்டுவந்திருந்தான். ஊரிற் சிறுவர்கள் சண்டை ஓய்ந்த மறுநாள் ஒழுங்கைகளிற் பொறுக்கி விளையாடிய அதே பித்தளை. துணைவியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்தார்.

“எத்தினை கொண்டு போனனீ?”

“இருபது, அம்மா.”

அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நிறுத்தி எண்ணினார். இருபதும் இருந்தன. பின்னர் கணக்கேட்டை வாங்கி, ஒவ்வொரு சன்னமும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டார். மகன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினான். இருபது வரிகளையும் கேட்டு முடித்தபின், தமையனாரின் படம் தொங்கும் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கோதுகளைக் கழுவுவதற்குச் சுடுநீர் வைத்தார்.