ஈர நெல்லும் 17 சதவீதமும்

என் தொழில் என்னவென்று ஊரில் யாரேனும் கேட்டால், இன்றுவரை என்னால் ஒரே சொல்லில் விடை கூற முடிந்ததில்லை. பாபநாசத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் வேலை என்றால் அதற்குச் சில வடிவங்கள் உண்டு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ கடை, வளைகுடாவில் கம்பெனி, உள்ளூரில் வெற்றிலைக் கொடிக்கால், நெல் வயல், வியாபாரம், பள்ளியில் ஆசிரியர், மத்ரஸாவில் ஆலிம். எனக்குப் பெண் பேசியபோது மாமனாராக வரவிருந்தவர், "அரசாங்க வேலை என்கிறீர்களே, தாசில்தார் மாதிரியா, பி.டி.ஓ. மாதிரியா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "கையெழுத்துப் போடும் அதிகாரம் உண்டா?" என்றார். அதுவும் இல்லை என்றேன். அவர் சற்று நேரம் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிவியல் கொள்கை ஆய்வாளர் என்பது பதவியின் பெயர். அறிவியல் சார்ந்த ஒரு கேள்வி அரசின் முன் வரும்போது, அதைப் பற்றி இதுவரை உறுதியாகத் தெரிந்தது என்ன, ஐயத்தில் இருப்பது என்ன, ஒரு முடிவை எடுத்தால் யாருக்கு என்ன நேரும் என்பவற்றை நான்கு பக்கங்களுக்கு மிகாமல் எழுதி மேலே அனுப்ப வேண்டும். முடிவு வேறொருவருடையது, கையெழுத்தும் அவருடையதே.

இத்துறையில் நம்மவர் ஒருவர் மிக உயர்ந்த இடத்தில் இருந்தார் என்பது பலருக்கு நினைவில்லை. 1999-இல் மத்திய அரசில் முதன்மை அறிவியல் ஆலோசகர் என்னும் பதவி உருவானபோது, அதில் முதலில் அமர்ந்தவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். ஏவுகணையையும் குடியரசுத் தலைவர் மாளிகையையும் நாம் மறப்பதில்லை. இடையில் கழிந்த அந்த இரண்டு ஆண்டுகளை மறந்துவிடுகிறோம். பிள்ளைகளை மருத்துவராக்கு, பொறியாளராக்கு என்று சொல்லும் நம் வீடுகளில், அரசுக்கு அறிவியலை எடுத்துச் சொல்லும் வேலை என்று ஒன்று உண்டு என்பதை எவரும் சொல்வதில்லை. இது என் நெடுநாள் மனக்குறை.

ஓர் எண் கோப்பிலிருந்து புறப்பட்டால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு டெல்டாக்காரர்களுக்குத் தனியே சான்று காட்ட வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தமிழகத்துக்கு ஒதுக்கியது 419 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதனை 404.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரு நகரத்தின் தேவைக்காக. மீதி 10 டி.எம்.சி. குறைந்ததற்குக் காரணம், நம் காலடியில் இருக்கும் நிலத்தடி நீர். டெல்டாவின் மண்ணுக்குக் கீழே 20 டி.எம்.சி. நீர் உண்டென்று என்றோ வல்லுநர்கள் செய்த மதிப்பீட்டில், பாதியைக் கணக்கில் கொள்ளலாம் என்று நீதிமன்றம் கருதியது. அந்த நீரில் கடலோரப் பகுதிகளில் எவ்வளவு உப்பேறியிருக்கிறது என்பது அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்குத் தெரியும். மதிப்பீடு செய்தவர்கள் தம் வேலையைச் செய்தார்கள். ஆயினும் ஒரு மதிப்பீடு தீர்ப்பில் ஏறியபின் அது மதிப்பீடாக இருப்பதில்லை, சட்டமாகிவிடுகிறது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னை அச்சுறுத்தி வருவது இதுதான்.

அத்தகைய இன்னோர் எண்தான் 17. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. வெளியூர் வாசகர்களுக்கு இது ஒரு சிறு நிபந்தனையாகத் தோன்றலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஐப்பசி மாதத்தில் வீட்டுக்கு வீடு பேசப்படும் எண் இதுவே.

காரணம் எளிது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, குறுவை நடவாகி, அறுவடைக்கு வரும்போது செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை வந்து சேரும் காலமும் அதுவே. முன்பு கையால் அறுத்த காலத்தில், கதிர் அரிஅரியாக வயலில் கிடந்து ஒரு வெயில் காணும். பிறகே கட்டாகக் கட்டிக் களத்துக்கு வரும். அடித்துத் தூற்றும்போது மேலும் ஒரு வெயில். இன்று அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை முடித்து, பச்சை வாசனை மாறாத நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது. ஆள் கிடைக்காத ஊரில் இயந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் இருபதுக்கு மேற்பட்ட ஈரத்தோடு வரும் அந்த நெல்லுக்கு வெயில் காட்ட, ஐப்பசியில் வெயில் எங்கே? தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பி, மேகம் கறுத்தால் தார்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பங்களை அம்மாதத்தில் எங்கள் பக்கம் வருவோர் எவரும் காணலாம்.

ஆகவே ஏறத்தாழ ஆண்டுதோறும் ஒரே நிகழ்ச்சி. மாநில அரசு தளர்வு கேட்டுக் கடிதம் எழுதும். மத்திய அரசின் குழு வந்து நிலையங்களில் மாதிரி எடுத்துச் செல்லும். சில வாரங்களில் ஒரு விடை வரும். 2022 அக்டோபரில் 22 சதவீதம் கேட்டு, 19 கிடைத்தது. 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழை சம்பாவை நனைத்தபோது 20 வரை ஏற்றார்கள். 2025 அக்டோபரிலும் குழுக்கள் வந்தன. விடை வரும்வரை மழை காத்திருப்பதில்லை என்பதைத் தனியே கூற வேண்டுமா?

ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றே: "17-ஐ 22 ஆக்க உனக்கு என்ன கஷ்டம்?" என் பெரியத்தா இன்னும் நேராகக் கேட்டார். அவருக்கு மூன்று ஏக்கர் குறுவை. ஓர் ஆண்டு நிலையத்தின் வாசலில் ஒன்பது நாள் காத்துக் கிடந்தார். குவியலின் அடியில் நெல் முளைவிட்டிருந்தது. "தம்பி, நீ எங்களுக்கா, கவர்மெண்டுக்கா?" என்றார். அப்போது என் மேசையில் இதே பொருள் பற்றிய குறிப்பு பாதி எழுதிய நிலையில் இருந்தது. சொந்த இரத்தத்தின் நெல் நனைந்துகொண்டிருக்கும்போது நடுநிலை என்னும் சொல் எவ்வளவு கசக்கும் என்பதை அன்று அறிந்தேன். அவருடைய நெல் அந்தக் கணக்கில் இருப்பதை மேலதிகாரியிடம் முதலில் தெரிவித்துவிட்டே மேலும் எழுதினேன்.

கணக்கு இதுதான். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 78 கிலோ. அதையே 17 சதவீதத்துக்கு உலர்த்தினால் மொத்த எடை ஏறத்தாழ 94 கிலோவாகும். 6 கிலோ தண்ணீர் காற்றோடு போயிருக்கும். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். அந்த விலைக்கு 6 கிலோ என்பது 150 ரூபாய். தளர்வு தந்தால் இந்த 150 ரூபாயைப் பொதுப்பணம் சுமக்கும். தளர்வு தராவிட்டால் விவசாயி சுமப்பார்; ஆனால் அவர் சுமப்பது 150 மட்டுமன்று. உலர்த்தும் கூலி, காவல் இருக்கும் இரவுகள், முளைத்துப்போன அடிநெல், பொறுக்க முடியாமல் வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் நட்டம் எல்லாம் அதனோடு சேரும்.

இதனால் மட்டும் 22 சரியாகிவிடாது. ஈர நெல் உயிருள்ள பொருள். மூச்சு விடும், வெப்பம் உண்டாக்கும். குவியலின் நடுவில் கை வைத்தால் சுடும். பூஞ்சணம் பற்றும், அரிசி பழுப்பேறும். நீண்ட நாள் சேமிக்க வேண்டுமானால் ஈரம் 14 சதவீதத்துக்குள் இருப்பதே நலம். ஈர நெல்லை வாங்கித் திறந்தவெளியில் அடுக்கினால் அது கடைசியில் யார் தட்டில் சோறாக விழும்? ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் நம் வீட்டுப் பெண்களின் தட்டில்தான். பெரியத்தாவின் கேள்வியில் இவர்கள் இல்லை. குறிப்பில் இருந்தாக வேண்டும்.

பல நாள் இந்த இரண்டுக்கும் இடையே கிடந்து உழன்றபின், எண்ணைப் பற்றிய சண்டையில் நாளைப் பற்றிய கேள்வி மறைந்துபோனதைக் கண்டேன். தமிழகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி புழுங்கல் அரிசி. ஆலைக்குப் போனதும் நெல்லை எப்படியும் ஊறவைத்து, அவித்து, உலர்த்தப் போகிறார்கள். எனவே 22 சதவீத நெல் அடுத்த நாளே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிய கேடில்லை. 17 சதவீத நெல்லே மழையில் பத்து நாள் கிடந்தால் கெட்டுவிடும். எத்தனை சதவீதம் என்பதோடு எத்தனை நாள் என்பதையும் சேர்த்து விதி எழுத வேண்டும். இத்தனை மணி நேரத்துக்குள் ஆலைக்கு ஏற்ற முடியுமானால் இவ்வளவு ஈரம் வரை வாங்கலாம். முடியாத இடங்களில் உலர்த்தும் இயந்திரம் முதலில் வரட்டும். இவ்வாறு எழுதினேன். கைக்கருவிகளின் அளவில் வேறுபாடு வரக்கூடும், மேல்நெல்லுக்கும் அடிநெல்லுக்கும் ஈரம் ஒன்றாக இராது, ஆகவே இத்தனை இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன். அந்தப் பத்தியை நீக்கினால் குறிப்பு வலுவாகத் தோன்றும் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு அறிவுரை கூறினார். நீக்கவில்லை.

ஏன் நீக்கவில்லை என்பதற்கு ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சியைத்தான் கூற வேண்டும். தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. விற்றவர் மழையைக் காரணம் கூறினார். நனைந்ததை வாங்குவோர் காணும்படி மேலே வைக்காததையே அவர்கள் கண்டித்தார்கள். ஏமாற்றுவது தம் சமூகத்தாரின் வழியன்று என எச்சரித்தார்கள். சிறுவயதில் மத்ரஸாவில் கேட்டபோது இது வியாபாரிகளுக்குரிய பாடம் என்று எண்ணியிருந்தேன். நெல் ஈரத்தைப் பற்றி எழுதும் வேலைக்கு வந்தபின் மீண்டும் படித்தேன். மழை அந்த வியாபாரியின் குற்றமாகக் கொள்ளப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயமான எண்ணை அடியில் மறைத்து, உறுதியானதை மட்டும் மேலே பரப்பி வைக்கும் நான்கு பக்கக் குறிப்பும் அத்தகைய குவியல்தானே? நான் ஆலிம் அல்லன். இவ்விளக்கத்தில் பிழையிருந்தால் அறிந்தவர்கள் திருத்தட்டும்.

என் குறிப்பில் ஒரு வாக்கியம் மட்டும் பின்னர் வேறொரு கோப்பில் இடம்பெற்றது. மீதி எங்கே இருக்கிறதென்று தெரியாது. இத்தொழிலில் இது வழக்கம். வருந்தினால் வேலை நடக்காது.

அறிவியலோ வேளாண்மையோ படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் இங்கே இருப்பார்கள். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என ஒன்று மாநிலத்தில் நடக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையிலும் கொள்கை ஆய்வுக்கென உதவித்தொகைத் திட்டம் உண்டு. அறிவிப்பு வரும் காலத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள். பெற்றோர்களே, கையெழுத்து அதிகாரம் இல்லாத வேலை என்று தடுக்காதீர்கள்.

பெரியத்தாவிடம் அந்தக் குறிப்பின் சாரத்தைக் கூறினேன். "22 வாங்கித் தா என்றால் நாள் கணக்கு எழுதியிருக்கிறாய்" என்று கோபித்துக்கொண்டு பத்து நாள் பேசவில்லை. அடுத்த குறுவையில் அவரே கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். பழைய கடைக் கணக்கு நோட்டில் நான்கு கட்டம் போட்டிருந்தார்: நெல் கொட்டிய தேதி, எடை போட்ட தேதி, லாரி வந்த தேதி, இடையில் மழை பெய்த நாட்கள். தம்முடையது மட்டுமல்லாமல், அந்த நிலையத்தில் காத்திருந்த பதினோரு பேருடைய கணக்கும் அதில் இருந்தது. லாரித் தேதி கட்டத்தில் ஏழு பேருக்கு இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.