மாமனாரின் லேத்துக்கு மாப்பிள்ளை மாற்றிய மூளை

கோவை சின்னவேடம்பட்டி பக்கம் போனால், முன்பக்கம் கோலம், பின்பக்கம் லேத் சத்தம் என்று இருக்கும் வீடுகளைப் பார்க்கலாம். அந்த வீடும் அப்படித்தான். பின்னால் தகர ஷெட். அதில் ஒரு ஆறடி பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நடுவில் பச்சை பெயின்ட் அடித்த சி.என்.சி லேத். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் பிழைப்பு. மாமனாருக்கு வயது 61.

சாதாரண லேத்தில் கைப்பிடியைச் சுற்றி டூலை நகர்த்துவது மனிதர். சி.என்.சி லேத்தில் அந்தக் கைப்பிடி வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கும். 'இத்தனை மில்லிமீட்டர் உள்ளே போ, இந்த வேகத்தில் போ' என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால், அதேபோல் ஆயிரம் ஷாஃப்ட் கடைந்து தரும். இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1952-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில், துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் மெஷினைச் செய்து காட்டிவிட்டார்கள்.

இந்தப் பச்சை மெஷின் 1996-ல் தயாரானது. 2007-ல் செகண்ட் ஹேண்டில், அத்தையின் நகையை அடகு வைத்து வாங்கியது. நகை மீண்டது, மூத்த மகளின் கல்யாணம் முடிந்தது, இளையவள் இன்ஜினீயரிங் சேர்ந்தாள். எல்லாம் இந்த மெஷினில் இருந்து வந்த காசு. போன வருஷம் ஆடி மாசம் ஒரு காலை ஸ்விட்சைப் போட்டார், ஸ்கிரீன் வரவில்லை.

பார்க்க வந்த மெக்கானிக் பேனலைத் திறந்தார். கன்ட்ரோலின் முக்கியமான கார்டு போய்விட்டது. அந்த மாடல் கார்டு இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய கார்டு விற்கும் டீலர்களிடம் தேடலாம். கிடைத்தாலும் கேரண்டி கிடையாது. புது மெஷின் என்றால் பத்து லட்சத்துக்கு மேல். இரும்புக் கடைக்காரர் வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எடைக்கு ஒரு விலை சொன்னார். மாமனார் பதில் சொல்லவில்லை. டீ மட்டும் கொடுத்து அனுப்பினார்.

பழைய சி.என்.சி மெஷின்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. வார்ப்பிரும்பு பெட், ஸ்பிண்டில், டரெட் எல்லாம் முப்பது வருஷம் ஆனாலும் தாங்கும். ஆனால் அவற்றை ஓட்டும் மின்னணுப் பெட்டிக்கு அவ்வளவு ஆயுசு இல்லை. இரண்டு டன், மூன்று டன் நல்ல இரும்பு, உள்ளங்கை அளவு கார்டு ஒன்றுக்காகக் காயலான் கடைக்குப் போகிறது. வீட்டில் பழைய டி.வி-யைத் தூக்கிப் போட்டவர்களுக்கு இது புரியும். வித்தியாசம், டி.வி யாருக்கும் ஃபீஸ் கட்டவில்லை.

மூத்த மகளின் கணவர் திருப்பூரில் ஒரு மில்லில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். கல்யாணமாகி இரண்டு வருஷம். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அதுவரை நடந்த பேச்சு, 'சாப்டீங்களா', 'பஸ் கூட்டமுங்களா' என்ற அளவுதான். செய்தி கேட்டு சனிக்கிழமை வந்தவர், சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனார்.

"மாமா, கன்ட்ரோலைக் கழட்டி வீசிட்டு வேற போட்டா என்னங்க?"

"அதுக்கு கம்பெனிக்காரங்க கேக்கற காசுல பாதி புது மெஷின் வந்துருமுங்க மாப்ள."

"நாமளே பண்ணினா?"

மாமனார் சிரித்தார். முடியாது என்று மாப்பிள்ளை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? டயல் கேஜை எடுத்துக் கொடுத்தார்.

அதுதான் சரியான தொடக்கம். மூளையை மாற்றுவதற்கு முன் உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும். டூலை நகர்த்தும் பால் ஸ்க்ரூ தேய்ந்திருந்தால், திசை மாறும்போது அது கொஞ்சம் சும்மா சுற்றிவிட்டுத்தான் டூலை இழுக்கும். இதற்கு பேக்லாஷ் என்று பெயர். ஷெட்டில் 'பிளே' என்பார்கள். குறுக்கே போகும் எக்ஸ் திசையில் பிளே 20 மைக்ரான் இருந்தது. நீளவாக்கில், இசட் திசையில், சக்குக்குப் பக்கத்தில் 60 மைக்ரான். தள்ளிப் போகப் போகக் குறைந்தது. எல்லா ஜாப்பும் சக்கை ஒட்டித்தானே நடக்கிறது, தேய்மானமும் அங்கேதான் அதிகம். தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்கள் புரியும். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிக் காது வைத்துக் கேட்டார்கள். பேரிங் சத்தம் சுத்தமாக இருந்தது. இரும்பு பிழைத்தது.

மாமனார் உள்ளே போய் ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்து வந்தார். பழைய கன்ட்ரோல்களில் மெஷினின் அளவுகள், திருத்தங்கள் எல்லாம் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நினைவில் நிற்கும். பேட்டரி தீர்ந்தால் மெஷினுக்குத் தான் யாரென்றே தெரியாது. ஒருமுறை அப்படி ஆகி ஒரு வாரம் வேலை கெட்டபின், எல்லா எண்களையும் கையால் எழுதி வைத்திருந்தார். பிளே எவ்வளவு என்பதையும் தேதி போட்டு. 2007-ல் 10 மைக்ரான், 2013-ல் 30, 2019-ல் 50. ஆஸ்பத்திரி ஃபைல் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை அதை இரண்டு முறை படித்தார். "இது இருந்தா போதுமுங்க மாமா" என்றார். அன்றைக்குத்தான் வேலை நிஜமாக ஆரம்பித்தது.

பழைய கன்ட்ரோல், டி.சி மோட்டார்கள், அவற்றின் டிரைவ்கள் வெளியே போயின. ஸ்பிண்டில் மோட்டார், டரெட், ஹைட்ராலிக் சக் அப்படியே இருந்தன. உள்ளே வந்தவை: ஆபீஸில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டர், அதற்கும் மோட்டார்களுக்கும் நடுவில் பேசும் ஒரு கார்டு, இரண்டு ஏ.சி சர்வோ மோட்டார்கள், அவற்றின் டிரைவ்கள். புது மோட்டார் பழைய துளைகளுக்குப் பொருந்தவில்லை. அடாப்டர் பிளேட்டும் கப்ளிங்கும் வேண்டும். வெளியே கேட்டால் இரண்டு வாரம் என்றார்கள். மாமனார் மூலையில் இருந்த ஆறடி லேத்தைத் துடைத்து, ஒரே ராத்திரியில் இரண்டையும் கடைந்து வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் வைத்த லேத்துக்குக் கைலேத் வைத்தியம் பார்த்த கதை இது.

மென்பொருளுக்குக் காசு இல்லை. லினக்ஸ்சிஎன்சி என்று பெயர். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 1990களில் மெஷின் கன்ட்ரோல் ஆராய்ச்சிக்காக எழுதிய நிரலில் இருந்து வளர்ந்தது. அந்த நாட்டில் அரசு ஊழியர்கள் வேலையாக எழுதியதற்குப் பதிப்புரிமை கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் எடுத்து வளர்க்க முடிந்தது. உலகம் முழுக்க ஆர்வலர்கள் வளர்த்தார்கள். சின்னவேடம்பட்டி தகர ஷெட் வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் இதற்கு ஆகும் என்று நினைக்கக் கூடாது. செல்போனில் சில நேரம் வட்டம் சுற்றிக்கொண்டு அரை நொடி நிற்குமே, லேத்தில் அப்படி நின்றால் டூல் ஜாப்பில் ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் தவறாமல் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் வேண்டும். வேகமான கம்ப்யூட்டர்தான் இதில் ஜெயிக்கும் என்றில்லை. மாப்பிள்ளை முதலில் கொண்டு வந்தது புத்தம்புது லேப்டாப், சோதனையில் தோற்றது. தூசி தட்டி எடுத்த ஆபீஸ் பெட்டி பாஸானது.

அச்சுகளை ஓட வைப்பது இரண்டு சனிக்கிழமை வேலை. டரெட்தான் ஒரு மாதம் சாப்பிட்டது. எட்டு டூல்களைச் சுமக்கும் அந்தத் தலை லாக் விட வேண்டும், சுற்ற வேண்டும், எத்தனையாவது டூல் என்று சென்சார் சொல்ல வேண்டும், மறுபடி இறுக வேண்டும். இந்த வரிசையைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. வயர் வயராகத் தேடிக்கொண்டே வந்த மாப்பிள்ளை ஒரு இடத்தில் நின்றார். டரெட் இறுகிவிட்டது என்று சொல்லும் சென்சாரை ஒரு துண்டு வயர் போட்டு பைபாஸ் செய்திருந்தார்கள். கதவு ஸ்விட்சும் அப்படியே.

"இது யார் பண்ணுனதுங்க மாமா?"

"நான்தானுங்க. அந்த சென்சார் அப்பப்ப மக்கர் பண்ணும். டரெட் இறுகுனா 'டொக்'னு ஒரு சத்தம் வருமுங்க. அது எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியுமுங்க. பையனுக்கு?"

ஷெட்டில் உதவிக்கு இருக்கும் பையனுக்கு 20 வயது. அந்தக் காது அவனுக்கு இல்லை. மாமனார் பேசவில்லை. கதவு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றார். ஒவ்வொரு ஜாப்புக்கும் கதவைச் சாத்தித் திறந்தால் ஒரு ஷிஃப்டில் எத்தனை ஷாஃப்ட் குறையும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற எல்லா ஷெட்டிலும் இதே கணக்கு ஓடுகிறது, அதனால்தான் இத்தனை கதவு ஸ்விட்சுகள் பைபாஸில் கிடக்கின்றன. டீ கொண்டு வந்த அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கதவைத் திறந்து வெச்சு ஓட்டறதா இருந்தா எனக்கு இந்த மெஷினே வேண்டாமுங்க. இரும்புக் கடைக்காரனுக்கே குடுத்துருங்க."

மறுநாள் புது ஸ்விட்ச் வந்தது. சிவப்பு எமர்ஜென்சி பட்டனையும் கம்ப்யூட்டரை நம்பி விடாமல், அழுத்தியதும் டிரைவ்களின் கரன்ட் நேராகத் துண்டிக்கும்படி வயரிங் செய்தார்கள். கம்ப்யூட்டர் உறைந்து நின்றாலும் பட்டன் வேலை செய்ய வேண்டும். வீட்டிலேயே இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள், வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது.

சக்கில் ஜாப் இல்லாமல், காற்றில் முதல் ஓட்டம். பழைய புரோகிராம் ஒன்றை மாமனார் எடுத்துக் கொடுத்தார். டூல் நகர்ந்தது, நின்றது. மாப்பிள்ளை ஸ்கிரீனைப் பார்த்தார், எல்லாம் சரி. மாமனார் டூலைப் பார்த்தார்.

"தள்ளி நிக்குதுங்க மாப்ள."

அளந்தால், 20 மில்லிமீட்டர் விட்டத்தில் நிற்க வேண்டிய டூல் 40-ல் நின்றது. பழைய கன்ட்ரோலில் எக்ஸ் 20 என்றால் விட்டம். லினக்ஸ்சிஎன்சி, சொல்லாவிட்டால், அதை ஆரம் என்று எடுத்துக்கொள்ளும். ஜி7 என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். வெளியே தள்ளி நின்றதால் நஷ்டம் எதுவும் இல்லை.

மரை வெட்டுவதுதான் மாமனாரை வருத்தியது. மரைக்கு டூல் பத்துப் பதினைந்து தடவை அதே பள்ளத்தில் இறங்க வேண்டும். ஸ்பிண்டில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று என்கோடர் சொல்லச் சொல்லத்தான் அது நடக்கும். அது முதல் நாளே நடந்தது. ஆனால் அவர் 17 வருஷமாக ஜி76 கட்டளையை இரண்டு வரியாக எழுதிப் பழகியவர். புது மூளைக்கு அது ஒரே வரி. எழுத்துகளின் அர்த்தமும் வேறு. நோட்டில் இருந்த மரை புரோகிராம்கள் அத்தனையையும் மாற்றி எழுத வேண்டும். "இந்த வயசுல திருப்பியும் ஒண்ணாங் கிளாஸுங்களா" என்று இரண்டு நாள் ஷெட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் இளைய மகளை உட்கார வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன அர்த்தம் என்று தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். அந்த அட்டை இப்போது மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறது, கூலண்ட் பட்டு ஒரு மூலை மஞ்சளாகி.

ஆடியில் நின்ற மெஷின் மார்கழியில்தான் கூலிக்கு ஓடியது. செலவு இரண்டு லட்சத்தை ஒட்டி. இது எல்லோருக்கும் ஏற்ற வழி என்று சொல்ல முடியாது. மூன்று ஷிஃப்ட் ஓட்டும் ஷெட்டால் ஐந்து மாதம் காத்திருக்க முடியுமா? இங்கே ஆறடி லேத் வயிற்றைக் கழுவியது, அதுவும் அரை வயிறுதான். ரிப்பேர் என்றால் கம்பெனியைக் கூப்பிட முடியாது. திருப்பூருக்குத்தான் போன் போட வேண்டும். அதை உணர்ந்தவர் மாமனார்தான். வேலை முடிந்த அன்றைக்கே அந்த லாங் சைஸ் நோட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

"ஒவ்வொரு வயர் நம்பரும் இதுல எழுதிருங்க. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாதுங்க."

மாப்பிள்ளை நான்கு ராத்திரி உட்கார்ந்து எழுதினார். பிளே கணக்கு முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்து.

இப்போது ஒரு ஷிஃப்ட் ஓடுகிறது. கதவு சாத்தித்தான். ஷாஃப்ட் அளவு 20 மைக்ரானுக்குள் நிற்கிறது, அந்த ஜாப்புக்கு அது போதும். பக்கத்து ஷெட்காரர் தன் மெஷினுக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். முதலில் அவருடைய கதவு ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் மாமனார். டரெட்டில் எண்ணெய்க் கசிவு மட்டும் இன்னும் நிற்கவில்லை. ஓ-ரிங் வாங்கி வைத்தாயிற்று. தீபாவளி லீவில் மாப்பிள்ளை வரும்போது பிரிக்கலாம் என்று பேச்சு.