தூணின் நிழல்

நாடக அழைப்பிதழில் எழுதியவர் பெயர் இருக்கும். இயக்கியவர் பெயர் இருக்கும். நடிப்பவர்கள் வரிசையாக இருப்பார்கள், நன்கொடை தந்தவருக்கும் ஓர் இடம் இருக்கும். விளக்குப் போட்டவர் வந்தால் கடைசி வரியில், ‘ஒலி, ஒளி’ என்று ஒரே மூச்சில், வாடகைக் கடையின் பெயராக வருவார். மேடை ஒளியமைப்பை விட்டு ஒதுங்கும் வயதில் இதை எழுதுவதால் மனத்தாங்கலில் எழுதுவதாக நினைக்கலாம். மனத்தாங்கல் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அழைப்பிதழ் அச்சடிப்பவர்மேல் எனக்குக் கோபமில்லை. பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துப் பட்டம் வாங்கி வருகிறவர்களே ஒளியை வாடகைப் பொருளாக நினைக்கிறார்களே, அதுதான் வலிக்கிறது. பிரெக்டைப் பற்றி அரைமணி நேரம் நன்றாகப் பேசுகிறார்கள். இந்தக் காட்சிக்கு ஃப்ரெனல் விளக்கு எங்கே, எந்த உயரத்தில் என்று கேட்டால் ‘அது டெக்னிக்கல், லைட் அண்ணன் பாத்துக்குவார்’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். யார் எங்கே நின்றால் யார் முகம் தெரியும் என்பதைத் தீர்மானிக்கிற வேலையை நாடகப் படிப்புக்கு வெளியே வைத்துவிட்டால், உள்ளே மிஞ்சுவது இலக்கியம் மட்டுமே. ஒளியும் மேடை நுட்பமும் நாடகப் படிப்பின் நடுவில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சான்று தேடித் தொலைவு போக வேண்டாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய மேடையை அளந்து சொல்கிறது. கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலைக் கொண்டு 24 விரல் அளவில் கோல் செய்கிறார்கள். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், மேடையின் உயரம் 1 கோல், மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். புகவும் போகவும் இரண்டு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள். மேலே ஓவியம் தீட்டிய விதானம். இவற்றோடு இன்னொரு குறிப்பும் இருக்கிறது: தூண்களின் நிழல் உள்ளே விழாமல் புறத்தே போகும்படி விளக்கை நிறுத்த வேண்டும். தமிழ் வகுப்பில் இந்தப் பகுதியை நடத்துகிறவர்கள் எழினிகளின் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்வார்கள், விளக்கைக் கடந்து போய்விடுவார்கள். தொழில்காரன் கண்ணில் அந்த விளக்குதான் முதலில் படும். ஒரு விரலை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மேடை 14 அடிக்கு 16 அடி, தலைக்கு மேலே இருப்பது 8 அடி. அதன்மேல் விதானம் மூடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் உச்சியிலிருந்து ஒளி இறங்க வழியே இல்லை. பக்கத்திலிருந்தோ முன்னாலிருந்தோதான் வர வேண்டும், வந்தால் தூண் குறுக்கே நிற்கும். தூணுக்கு வெளியே சுடரை வைத்தால் ஆடுகிறவள்மேல் ஒரு கறுப்புப் பட்டை விழும், அவள் நகரும்போதெல்லாம் அது அவளை வெட்டும். தூணுக்கு உட்பக்கம் கொண்டுவந்தால் நிழல் வெளியே போய்விடும், ஆனால் முன்வரிசையில் இருப்பவன் கண் கூசும். சுடரை இறக்கினால் மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறும். ஏற்றினால் கண்குழி இருண்டுவிடும். எல்லாவற்றையும் பார்த்து ஓர் இடத்தை, ஓர் உயரத்தை முடிவு செய்தாக வேண்டும். மேடையின் அளவும் விதானமும் விளக்கின் இடமும் ஒரே கணக்கின் உறுப்புகளாக அங்கே சொல்லப்பட்டிருக்கின்றன. அந்த மேடையை வகுத்தவர் ஆடல் ஆசானையும் விளக்குக்காரரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும் என்றே நான் அந்தப் பகுதியைப் படிக்கிறேன். என்னைக் கேட்டால், ஒளியமைப்பில் முதல் ஆறு மாதப் பாடத்தை இந்த ஒரு குறிப்பை வைத்தே நடத்தலாம்.

நிழலை எங்கே அனுப்புவது என்ற அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. எங்கள் நசரத்பேட்டை வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம், அதைத் தாண்டினால் செய்யாறு, புரிசை. பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிற நிலம் அது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. கனமில்லாத மரம், அதனால்தான் இரவு முழுக்கத் தாங்க முடிகிறது. அதன்மேல் வண்ணத்தாளும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருக்கும். அந்தக் கண்ணாடிகள் அழகுக்கு மட்டும் ஒட்டியவை என்று நினைப்பவர் தீவட்டி வெளிச்சத்தில் கூத்துப் பார்க்காதவர். சுடர் சின்னது, முகத்தின் உயரத்தில் இருக்கிறது, அசைகிறது. வேஷக்காரர் கிறிக்கி போட்டுச் சுழலும்போது ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்தில் அந்தச் சுடரைப் பிடித்து எறியும், உடம்பே பொறி பறப்பதுபோல் இருக்கும். ஒளி கீழிருந்தும் முன்னிருந்தும் வருவதால் கிரீடத்தின் விளிம்பு கண்ணை மறைக்காது. இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனனின் சிவந்த முகம் எட்டிப் பார்க்கும்போது மை தீட்டிய கண்தான் முதலில் தெரிய வேண்டும். ஆட்டம், பாட்டு, அரிதாரம், மரவேலை, விளக்கு எல்லாம் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை. அதே கூத்தைக் கொண்டுபோய் சென்னையில் ஓர் அரங்கில் வைத்து, மேலே தொங்கும் பாரில் எட்டு விளக்கைப் போட்டுப் பாருங்கள். கிரீடத்தின் நிழல் முகத்தில் விழுந்து கண் காணாமல் போகும். கண்ணாடித் துண்டுகள் விளக்கின் ஒளியைத் தரைக்கும் கூரைக்கும் எறிந்துவிட்டு மங்கிக் கிடக்கும். முன்னாலிருந்து நிரப்பு ஒளி கொடுத்தால் கண் தெரியும், ஆனால் முகம் தட்டையாகி அரிதாரம் சுவரில் ஒட்டிய படம்போல் ஆகிவிடும். கால்மாட்டில் ஃபுட்லைட் வைத்தால் பின்திரையில் வேஷக்காரரைவிட மூன்று மடங்கு பெரிய நிழல் எழும். பக்கவாட்டில் தோள் உயரத்தில் வைத்தால் ஒரு புஜக்கட்டை பளிச்சிடும், மற்றது சாகும். இதற்கு முழுமையான தீர்வு என் தொழிலில் யாரிடமும் இல்லை. அதனால்தான் இது பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஆய்வு என்கிறேன். ஐந்து பேர் ஒரு வருடம் ஓர் இருட்டறையில் உட்கார்ந்து, உயரத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றி அளந்து எழுதினால் தமிழ் அரங்குக்கென்று ஒரு முறை கிடைக்கும்.

எல்.இ.டி. வந்துவிட்டது, எல்லா நிறமும் ஒரு பொத்தானில் இருக்கிறது, இனி இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எல்.இ.டி. நல்ல கருவி. சூடு குறைவு, கரண்ட் மிச்சம், நிறத்துக்கான ஜெல் தாளை மாற்ற ஏணி ஏற வேண்டாம். ஆனால் பழைய டங்ஸ்டன் விளக்கை டிம்மரில் இறக்கும்போது 3200 கெல்வினிலிருந்து மெல்ல மஞ்சளாகி, சிவந்து, பிறகு அணையும். அந்தி விழுவதைக் கண் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறது. எல்.இ.டி.யை இறக்கினால் நிறம் அதே நிறமாக இருந்துகொண்டே வெளிச்சம் மட்டும் குறையும். ஆர்.ஜி.பி. விளக்கு வெள்ளை என்று காட்டுவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று குறுகிய நிறப்பட்டைகளின் கூட்டு. இடையில் வேண்டிய நிறங்கள் அதில் போதுமான அளவு இல்லாததால் சந்தன நிறமும் நம் தோலின் மாநிறமும் சாம்பல் பூத்துப் போகும். பச்சை ஒளியை அடித்தால் துரியோதனனின் சிவப்பு முகம் கறுப்பாகும், சிவப்பை அடித்தால் வெளுக்கும். இதைத் தெரிந்தவன் எல்.இ.டி.யை வைத்தே சரிசெய்துவிடுவான். தெரியாதவன் முகம் சரியில்லை என்று மேக்கப்காரரைத் திட்டுவான். பின்னால் வைக்கிற எல்.இ.டி. சுவரின் கேடு இதைவிடப் பெரிது. மேடையில் மிகப் பிரகாசமான பொருள் சுவராகிவிட்டால் பார்வையாளர் கண் அதற்கேற்பச் சுருங்கிக்கொள்ளும், அதன் முன்னால் நிற்கிற மாநிற முகம் இருண்ட உருவமாகிவிடும். அரண்மனையின் படம் தெளிவாகத் தெரியும், அரசன் தெரியமாட்டான். இதைக் காட்சி வடிவமைப்பு என்று சொல்லிப் பட்டம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மற்ற இடங்களில் மேடை ஒளியை எப்படிப் படித்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே, முகத்துக்கு இருபுறமும் 45 பாகையில் ஒரு பக்கம் வெம்மை, மறுபக்கம் குளிர்ச்சி என்ற முறையை வகுத்து 1932-இல் நூலாக்கினார். உலகெங்கும் இன்று மேடை விளக்கு மாட்டுகிறவன் பெயர் தெரியாமலாவது அவரைப் பின்பற்றுகிறான். வகுப்பறை ஒரு தொழிலுக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்ததற்கு அது உதாரணம். நம் நாட்டில் தாபஸ் சென், 1959-இல் கொல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை விளக்கைக் கொண்டே காட்டினார். ஒளியும் அங்கே ஒரு பாத்திரம். தில்லியில் தேசிய நாடகப் பள்ளி தொடங்கியதும் அதே 1959-இல்தான். 1962 முதல் 1977 வரை அதை நடத்திய இப்ராஹிம் அல்காஷிக்கு இயக்கமும் மேடை வடிவமைப்பும் ஒரே வேலை. அங்கே படித்த சே. இராமானுஜம் 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த பயிற்சிப் பட்டறைக்குக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர், பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பணியாற்றினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் அமைந்த நிகழ்கலைப் பள்ளியை இந்திரா பார்த்தசாரதி முன்னின்று வளர்த்தார். இவர்களிடம் எனக்குக் குறையில்லை. ஆனால் தமிழில் இந்தக் கல்விக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர்கள், தமிழாசிரியர்கள், நடிப்பில் ஆசை கொண்டவர்கள். அதனால் பிரதியும் நடிப்பும் வளர்ந்தன. சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவர்களையும் வயரிங் தெரிந்தவர்களையும் உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

பல்கலைக்கழகம் எதற்கு, அந்தக் காலத்து ஆட்கள் படித்தா வந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. படித்துத்தான் வந்தார்கள். சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி என்பது சாப்பாடும் படுக்கையும் வாத்தியாரும் அடியும் உள்ள ஒரு பள்ளி. கன்னையா கம்பெனியின் ‘தசாவதார’க் காட்சிகளையும் நவாப் ராஜமாணிக்கத்தின் மேடை அற்புதங்களையும் ஆர்.எஸ். மனோகரின் தந்திரக் காட்சிகளையும் செய்து காட்டிய தச்சரும் ஓவியரும் விளக்குக்காரரும் அந்தச் சூழலில் உருவானவர்கள். பம்மல் சம்பந்த முதலியார் ‘நாடக மேடை நினைவுகள்’ எழுதினார். அவ்வை தி.க. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ எழுதினார். நடிகர்களைப் பற்றி அவற்றிலிருந்து நிறையத் தெரிந்துகொள்கிறோம். பின்னால் கயிறு இழுத்தவர்கள் தங்கள் வித்தையை எழுதி வைக்கவில்லை. கம்பெனிகள் கலைந்தபோது சிலர் சினிமாவுக்குப் போனார்கள், மற்றவர்களோடு வித்தையும் போயிற்று. குருகுலமாக இருந்தவை இல்லாமல் போன பிறகு அந்த இடத்தில் நிற்க வேண்டிய நிறுவனம் பல்கலைக்கழகம்தான்.

மேடை நுட்பம் படித்தால் வேலை உண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயம். எங்கள் பூந்தமல்லி, நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் பக்கம் படப்பிடிப்புத் தளங்களும் கல்யாண மண்டபங்களும் நிறைய. எல்லாவற்றுக்கும் விளக்கைத் தாங்கும் ட்ரஸ் கட்ட ஆள் வேண்டும், விளக்குத் தொங்கவிட ஆள் வேண்டும். ஆட்கள் இருக்கிறார்கள், முறையாகக் கற்றவர்கள்தான் குறைவு. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லியை அடுத்த ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கனமான விளக்குகளைத் தூக்கிய கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். வழக்குப் பதிவானது நசரத்பேட்டை காவல் நிலையத்தில். எடை, ஈர்ப்பு மையம், தரையின் உறுதி, கீழே யார் நிற்கலாம் என்பவையெல்லாம் மேடை நுட்பத்தின் பாடங்கள். 1000 வாட் பார் விளக்கு 12 என்றால் 12 கிலோவாட். 230 வோல்ட்டில் ஒரே ஃபேஸில் போட்டால் 52 ஆம்பியர் இழுக்கும், மூன்று ஃபேஸுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 17-க்கு மேல். ஒவ்வொரு விளக்குக்கும் சேஃப்டி செயின், ஒவ்வொரு லைனுக்கும் எர்த். இந்தக் கணக்கைப் போடத் தெரியாமல் ஒருவருக்கு நாடகத்தில் முதுகலைப் பட்டம் கொடுக்கலாம் என்றால், அந்த முதுகலை எதற்கு என்று நானும் கேட்கலாம்.

பணம் இல்லை என்ற சமாதானத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. கறுப்புத் துணி மாட்டிய ஓர் அறை, 12 விளக்கு, ஒரு டிம்மர் ராக், நல்ல ஏணி ஒன்று, இவை போதும். அதைவிட அவசரமான வேலைக்குப் பணமே தேவையில்லை. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்தில் தீவட்டிக்கும் பெட்ரோமாக்ஸுக்கும் டியூப் லைட்டுக்கும் ஆடிப் பார்த்த கூத்து வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள். களரியில் எந்த மூலையில், எந்த உயரத்தில் விளக்கு நின்றது, மாற்றியபோது வேஷத்தில் எதை மாற்றினார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. நாடகத் துறையில் பொறுப்பில் இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வருகிற பங்குனியில் பாரதக் கூத்து தொடங்கும்போது மாணவர்களை ஓர் அளவுநாடாவும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து அனுப்பிவையுங்கள்.