மனுவும் முணுமுணுப்பும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். வெயில், முழங்கால், மருந்து விலை, போனை எடுக்காத பேரப்பிள்ளைகள். செந்துறையில் கூடுதலாக இரண்டு உண்டு. இந்த வருஷம் முந்திரி சரியாகக் காய்க்கவில்லை என்பது ஒன்று, எக்ஸ்பிரஸ் வண்டிகள் நம் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டே ஓடிவிடுகின்றன என்பது இன்னொன்று. விஷயம் தீர்ந்துபோனால் மாவட்டக் கதை வரும். திருச்சி மாவட்டமாக இருந்தது 1995இல் பெரம்பலூர் ஆனது, 2001இல் அரியலூர், 2002இல் திரும்பவும் பெரம்பலூர், 2007இல் திரும்பவும் அரியலூர். வாசற்படி தாண்டாமல் நாலு முறை விலாசம் மாற்றியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நான் அப்போதெல்லாம் புதுச்சேரி அரசில் குமாஸ்தா. ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊர் என்று இங்கே வந்து தங்கினவன். ஆனாலும் இப்போது அதை என் சொந்தக் குறையைப் போலவே பேசுகிறேன்.

குறை சொல்லாதீர்கள், நன்றி சொல்லுங்கள் என்று கோயிலில் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் இருக்க மாட்டார். எல்லோரும் தலையாட்டுவோம், வாசலுக்கு வந்ததும் மைக் சரியில்லை என்போம். அது போகட்டும். எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். வலிக்கிறவன் வலிக்கிறது என்று சொல்வதும் குறை சொல்வதுதானா?

முப்பது வருஷத்துக்கு மேல் மனுக்களைப் பிரித்து எண் போட்டவன் நான். மனு என்றால் அதில் பெறுநர் இருப்பார், பொருள் இருக்கும், தேதியும் கையெழுத்தும் இருக்கும். எத்தனை கோபமாக எழுதியிருந்தாலும், இந்த அதிகாரி நினைத்தால் ஏதாவது செய்வார் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கும். நம்பிக்கை போனவன் மனு எழுத மாட்டான். வராந்தாவில் நின்று பக்கத்து ஆளிடம் பேசிவிட்டுப் போய்விடுவான். அந்தப் பேச்சுக்கு யாரும் எண் போட முடியாது, ஏனென்றால் அதில் பெறுநர் இல்லை.

வேதாகமத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெரிகிறது. திருப்பாடல்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ஏன் மறைந்துகொண்டீர், இன்னும் எத்தனை காலம் என்று நேராகக் கடவுள் முகத்தைப் பார்த்தே கேட்கிறார்கள். யோபு கேட்காத கேள்வி இல்லை. கடைசியில் கடவுளின் கோபம் பாய்ந்தது யோபுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தி சொன்ன நண்பர்கள்மேல். பாலைவனத்தில் நடந்த இஸ்ரயேலரின் கதை வேறு. வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு என்று எகிப்தில் தின்றதையெல்லாம் எண்ணி அழுதார்கள். அவர்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு முறுமுறுத்ததாக இணைச்சட்ட நூலில் மோசே சொல்கிறார். கூடாரத்துக்குள் பேசினால் பெறுநர் ஏது?

நம் ஆண்டவர் ஒரே இரவில் இரண்டையும் செய்தார். பந்தியில் அப்பத்தை எடுத்து நன்றி சொன்னார். நற்கருணைக்கு உள்ள கிரேக்கப் பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். அதே இரவு கெத்சமனித் தோட்டத்தில், இந்தக் கிண்ணம் என்னைவிட்டுப் போகாதா என்று தந்தையிடம் மன்றாடினார். நன்றி சொல்லிவிட்டோமே, இனி எப்படிக் கேட்பது என்று அவர் தயங்கவில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழிவழியில் படித்தவன். சாதாரண நன்றிக்கு அங்கே ‘மெர்சி’ போதும், கடைத்தெருவில்கூட அது ஓடும். ஆழமான நன்றிக்கு ‘ரெக்கொனெஸான்ஸ்’ என்று ஒரு சொல் உண்டு. அதே சொல்லுக்கு அடையாளம் கண்டுகொள்ளுதல் என்றும் பொருள். கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டுகொள்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே சொல். சிறுவயதில் இது எனக்கு விநோதமாக இருந்தது. பிறகு பார்த்தால் திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். நன்றி சொல்லுதல் என்று இல்லை, அறிதல். நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டிய வீரமாமுனிவர், 1730இல் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். இந்த அதிகாரத்தையும் அவர் கடந்துதான் போயிருப்பார். அரியலூர் அரசருக்கு வந்த ராஜபிளவை அவர் வைத்தியத்தில் ஆறியது என்றும், அந்த நன்றியில் அரசர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்றும் ஏலாக்குறிச்சியில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அரசர் மதம் மாறவில்லை, தனக்கு நன்மை செய்த ஆளைக் கண்டுகொண்டார்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த காலத்தில் என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. வாரம் இரண்டு முறை அரியலூருக்கு டயாலிசிஸ். விடியற்காலை ஆட்டோவில் போய், பொழுது சாயத் திரும்புவோம். அன்றிரவு முழுக்கக் காலைப் பிடித்து இழுக்கும். பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா, நல்ல மனசுக்காரர்தான், கட்டிலருகே நின்று, “எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க அக்கா, வலிக்குதுன்னு சொல்லாதீங்க, அது அவிசுவாசம்” என்றார். இவள் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்: “வலிக்குதுன்னு நான் சாமிகிட்டதாம்மா சொல்றேன். உன்கிட்ட சொல்லலையே.”

அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கோ, நான் இத்தனை வருஷம் போட்ட எண்களுக்கெல்லாம் அன்றுதான் விளக்கம் கிடைத்தது.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மாலை செபம் முடிந்ததும் அன்றைக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்வாள். ஊசியை முதல் குத்திலேயே நரம்பில் ஏற்றிய நர்ஸ். வெயில் படாமல் வண்டியைத் திருப்பி நிழலில் நிறுத்திய ஆட்டோ தம்பி. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வந்த இளநீரில் பாதியை நீட்டிய அவர் மகள். “ஏங்க, அந்தப் பொண்ணு பேரு என்னங்க?” என்று என்னைக் கேட்பாள். பேர் தெரியாவிட்டால் அடுத்த முறை கேட்டு வரச் சொல்வாள். கடவுளுக்கு நன்றி என்று மொத்தமாகச் சொல்லி முடிப்பது அவளுக்குப் போதாது. அதே செபத்தில், இந்தக் காலை இழுக்கிறதை மட்டும் எடுத்துப்போடும் ஆண்டவரே என்ற மனுவும் தவறாமல் போகும். அந்த மனு கடைசிவரை நிலுவையில்தான் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்தப் பட்டியலை நான் சொல்கிறேன். சில நாள் ஒரு பேரும் தேறாது, அன்றைக்கு மனு மட்டும் போகும். நேற்று மூன்று பேர் தேறினார்கள். ஒருவன் அரியலூர் பஸ்ஸில் எழுந்து எனக்கு இடம் கொடுத்த பள்ளிக்கூடப் பையன். பேர் கேட்டேன், அவன் சொல்வதற்குள் அவனுடைய ஸ்டாப் வந்துவிட்டது.