குசினி மேடையை அறுத்தல்

நெல்லியடியில் என் அக்காவின் வீட்டுக் குசினியில் அண்மையில் சீமெந்து மேடையின் நடுத்துண்டு அறுத்து அகற்றப்பட்டது. கனடாவில் உள்ள அவரது மகன், அடியில் போறணையுடன் கூடிய பெரிய எரிவாயு அடுப்பொன்றை யாழ்ப்பாணக் கடையொன்றில் சொல்லி அனுப்பியிருந்தார். மேடைமேல் வைக்கும் இரட்டை அடுப்பன்று. நிலத்தில் தன் காலில் நிற்பது. அதற்கு மேடை வழிவிட வேண்டும்.

மேலைநாட்டு வீடுகளில் குசினிப் பலகை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்தது, வாள் போதும். எங்களூரில் அது கம்பி வைத்துக் கட்டிய கொங்கிறீற்றுத் தட்டு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் ஓய்ந்தது. பின்னர் வடக்குக்குச் சீமெந்து வருவதற்கும் தடை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகே அக்கா இந்த மேடையைக் கட்டுவித்தார். அதுவரை குனிந்து அடுப்பூதிய முதுகு அதன் முன்னேதான் நிமிர்ந்தது. கிரைண்டருடன் மேசன் வந்தபோது அவர் முகம் வாடியதில் வியப்பில்லை.

அடுப்பின் அகலம் 60 சென்ரிமீற்றர். இரண்டடி என்பது 61 சென்ரிமீற்றர். ஆகவே இரண்டடி வெட்டினால் சரி என்றார் மேசன். அக்கா நெடுங்காலம் தையல் தைத்தவர்.

"தம்பி, சட்டை வெட்டேக்கை தையலுக்கு விடுறதில்லையோ? உந்த மாபிளுக்கு எவ்வளவு விடுறியள்?"

அறுத்த முகங்களில் பூச்சும் மாபிளும் சேர்ந்தால் பக்கத்துக்கு அரை அங்குலம் போய்விடும். மிஞ்சுவது 23 அங்குலம். அடுப்பு வாசலிலேயே நின்றிருக்கும். இருபத்தைந்தரை அங்குலம் என முடிவாயிற்று. வெட்டிய கொங்கிறீற்றைத் திரும்ப ஒட்ட முடியாதல்லவா!

மேசனுக்கும் உரிய புகழைக் கொடுக்க வேண்டும். மேடை மூன்று பக்கமும் சுவரில் தங்கியிருந்தது. நடுவில் அறுத்தால் கம்பி துண்டுபட்டு, இரு பாதிகளின் உள்முனைகளும் அந்தரத்தில் நிற்கும். அவர் முதலில் கீழே இரண்டு சிறு சுவர்களை எழுப்பி, ஒரு வாரம் நீரூற்றி இறுகவிட்ட பின்னரே கிரைண்டரைத் தொட்டார். தூசிக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சிலிண்டரை ஒரு பக்கமாக ஒதுக்கி, போறணையின் சூடான முதுகில் குழாய் படாதபடி வைத்தார்கள்.

பிறகு மகன் தொலைபேசியில் இன்னொன்று சொன்னார்: கொல்லையிலுள்ள விறகடுப்புக் கொட்டிலையும் இடித்துவிடலாம், இடம் விசாலமாகும்.

அக்கா சம்மதிக்கவில்லை. 2022இல் நாடெங்கும் எரிவாயு தட்டுப்பட்டு, வெற்றுச் சிலிண்டர்களோடு சனங்கள் வரிசையில் நின்ற மாதங்களில் அந்தக் கொட்டிலில்தான் சோறு வெந்தது. பனைமட்டையும் பொச்சும் வளவிலேயே கிடந்தன.

"மேடையை வெட்டினது காணும்," என்றார். மகன் மேற்கொண்டு பேசவில்லை. அறுத்தெடுத்த கொங்கிறீற்றுத் துண்டு இப்போது கொட்டில் வாசலில் படியாகக் கிடக்கிறது.