கெட்டுவிட்டதோ?

ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடமாக சி நிரல் எழுதுகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஜிடிபி டீபக்கர் வகுப்பு எடுப்பவனும் நான்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் பெட்டி ஒன்று, ஆர்ம் பிராசசரில் லினக்ஸ் ஓடுவது, வாடிக்கையாளர் இடத்தில் வாரத்துக்கு ஒருமுறை கிராஷ் ஆகிக்கொண்டிருந்தது. அது விட்டுச்சென்ற கோர் ஃபைலை வாங்கி, நான் எழுதிவைத்திருந்த ஸ்கிரிப்டில் கொடுத்தேன். பேக்டிரேஸ் மூன்றே வரி. மூன்றிலும் ஃபங்ஷன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரட்டைக் கேள்விக்குறி. கீழே ஜிடிபியின் குறிப்பு: பேக்டிரேஸ் நின்றுவிட்டது, முந்தைய ஃபிரேமும் இதுவும் ஒன்றாகவே இருக்கின்றன. அடைப்புக்குறிக்குள், ஸ்டேக் கெட்டுவிட்டதோ?

அந்த ‘ஓ’வை விழுங்கிவிட்டேன். டிக்கெட்டில் ‘ஸ்டேக் கரப்ட், மெமரி ஓவர்ரைட்’ என்று எழுதினேன். அந்தப் பகுதியில் கடைசியாகக் கைவைத்தது எங்கள் டீமில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண். அவள் பேரில் போட்டேன்.

பேக்டிரேஸ் ஏன் அரைகுறையாக வரும் என்று போர்டில் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, திரும்பி வரவேண்டிய முகவரி பெரும்பாலும் ஸ்டேக்கில் சேமிக்கப்படுகிறது. டீபக்கர் அந்த முகவரிகளைப் பிடித்துக்கொண்டு மெயின் வரை பின்னோக்கி நடக்கிறது. ஃபிரேம் பாயிண்டர் இருந்தால் நடை சுலபம். ஆப்டிமைஸ் செய்யும்போது கம்பைலர் அதைத் தூக்கிவிட்டால், பைனரிக்குள் இருக்கும் அன்வைண்ட் அட்டவணையைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும். கையில் இருப்பது வேறு பதிப்பு லைப்ரரியின் அட்டவணை என்றால் இரண்டாவது அடியிலேயே கால் தடம் மாறும். அப்போதும் ஜிடிபி அதே குறிப்பைப் போடக்கூடும். பெட்டிக்குள் ஸ்டேக் நன்றாகவே இருந்திருக்கும்.

மூன்று வாரம் அவள் தேடினாள். வால்கிரைண்ட் ஓட்டினாள், அட்ரஸ் சானிடைசர் போட்டு பில்ட் செய்தாள், ஒவ்வொரு அர்ரேயின் எல்லையையும் கையால் எண்ணினாள். தினமும் காலைக் கூட்டத்தில், “இன்னும் கிடைக்கலண்ணா.” “நல்லாப் பாரும்மா, அங்கதான் இருக்கும்” என்பேன்.

நாலாவது திங்கட்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தாள்.

“அண்ணா, கோச்சுக்காதீங்க. இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி போட்டுப் பார்த்தேன். சிஸ்ரூட் போன ரிலீஸ் ஃபோல்டரைக் காட்டுது. நாம தப்பான லைப்ரரிய வச்சுப் பாக்குறோமோ?”

அந்த ஃபோல்டர் பெயரை ஸ்கிரிப்டில் நேராக எழுதிவைத்தவன் நான். ரிலீஸ் மாறியபோது மாற்றவில்லை. லைப்ரரி பொருந்தவில்லை என்று ஜிடிபி ஒவ்வொரு தடவையும் எச்சரித்துத்தான் இருக்கிறது. திரை பளிச்சென்று இருக்கட்டும் என்று, எச்சரிக்கைகள் வரும் ஸ்டாண்டர்ட் எர்ரர் மொத்தத்தையும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டதும் நான்தான்.

சரியான ஃபோல்டரைக் கொடுத்ததும் பதினேழு வரி, மெயின் வரைக்கும். ஃப்ரீ செய்துவிட்ட ஒரு பாயிண்டரை டைமர் மறுபடி தொட்டிருக்கிறது. அவள் எழுதியதல்ல, நான் எழுதியதும் அல்ல. எப்போதோ வேலையை விட்டுப் போனவர் எழுதியது. பத்து நிமிடத்தில் திருத்தியாயிற்று.

இதுவரை சொன்னதைக் கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். அன்று மாலை மேனேஜருக்கு அனுப்பிய மெயிலை அப்படிச் சொல்ல முடியாது. ‘டூல் பிரச்சினை கண்டறியப்பட்டது, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த செயப்பாட்டு வினை அவ்வளவு உதவும் என்று தமிழ் ஐயாவே நினைத்திருக்க மாட்டார். யார் கண்டறிந்தது, யாருடைய ஸ்கிரிப்ட், ஒன்றும் அதில் இல்லை. அந்த வருட அப்ரைசலில் ‘ஒரே பிழைக்கு 3 வாரம்’ என்று அவள் கணக்கில் ஒரு குறை ஏறியது. அந்த மீட்டிங்கில் நானும் இருந்தேன். டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். ஸ்கிரிப்டில் டெவ்-நல் இல்லை. டிக்கெட்டை மூடியாயிற்று, திறந்து பார்த்தால் ‘ஸ்டேக் கரப்ட், மெமரி ஓவர்ரைட்’ என்ற என் வரியும், அதன் கீழே அவள் பெயரும் அப்படியே இருக்கின்றன.