அப்பளத்துக்குள்ளே ஒரு கொடி!

திருவண்ணாமலைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பௌர்ணமி, கிரிவலம், பஸ்ல ஒத்தைக்கால்ல நின்ன கதை... அதானே? அடுத்த தடவை கூட்டமில்லாத நாள்ல வாங்க. செங்கம் ரோடு ரமணாசிரமத்தின் பின்பக்கமா மலையேறுங்க. கந்தாசிரமம் தாண்டிக் கொஞ்சம் இறங்கினா விரூபாட்ச குகை. ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த இடம்.

இங்கே நடந்ததுதான் சூப்பர் சீன்! அம்மா அழகம்மாள், அப்பளம் இட மகனை ஒத்தாசைக்குக் கூப்பிட்டாங்க. அவரோ அப்பளம் இடலை, பாட்டு எழுதினார். அதுதான் 'அப்பளப் பாட்டு'! உளுந்து, சீரகம், மிளகு எல்லாமே அதில் தத்துவம். மாவு பிசையிற பிரண்டைச் சாறு? நல்லவங்க சகவாசம்!

எனக்குச் சுருக்குன்னுச்சு. போன வருஷம் பைக்ல விழுந்து கை எலும்பு விட்டப்போ, அம்மா ஹாஸ்டலுக்குப் பிரண்டைத் துவையல் கொடுத்தனுப்பினாங்க. வாயில்கூட வைக்காம குப்பையில் கொட்டிட்டேன்.

பாட்டிங்க சும்மா சொல்லலை மக்களே! 1964-லேயே உடுப்பா, பிரசாத் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், எலிகளின் எலும்பு முறிவு ஆறுவதில் பிரண்டைக்குப் பங்கு இருக்கான்னு சோதிச்சு, 'இருக்கு'ன்னு எழுதியிருக்காங்க. அதுக்காக மாவுக்கட்டு வேண்டாம்னு அர்த்தமில்லை. முதல்ல எக்ஸ்ரே, அப்புறம்தான் துவையல்! பசி மந்தத்துக்கும் இதுதான் வீட்டு வைத்தியம்.

ஐரோப்பாவில், பீருக்குக் கசப்பு தர்ற ஹாப்ஸ் கொடியை வீட்டில் வளர்த்து, தூக்கம் வர்றதுக்காக அதன் பூவைத் தலையணைக்குள்ளே அடைப்பாங்க. அதுக்குக் குளிர் ஊர் வேணும். நம்ம பிரண்டைக்கு ஓட்டை பக்கெட் போதும். கணுவோட ஒரு துண்டு, அந்தக் கணு புதையிற அளவு மண்ணு, எப்பவாவது தண்ணி, ஏற ஒரு ஜன்னல் கம்பி. அவ்வளவுதான்!

பறிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கோங்க. இதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகம் அரிக்கும். இளந்தண்டா பார்த்து நார் உரிச்சு, நல்லெண்ணெயில் நல்லா வதக்கி, புளி, மிளகாய், உளுத்தம்பருப்போட அரைச்சா அரிப்பு அடங்கிடும்.

ஆனா, மலையில் பிடுங்காதீங்க. மார்க்கெட்ல கீரைக்கார அம்மாகிட்ட ஒரு கட்டு கேளுங்க.

திரும்பி இறங்கினா ஆசிரமத்துக்குள்ளேயே அழகம்மாள் சமாதி. 1922-ல் அவங்க மறைஞ்சதும், அந்தச் சமாதியை ஒட்டித்தான் ஆசிரமமே வளர்ந்தது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

கொட்டின விஷயத்தை அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். அம்மா... இந்த வாரம் இன்னொரு பாட்டில் கொடுத்தனுப்பும்மா!